கார்ன் சிரப் தேட வேண்டாம், கம்பம் திராட்சை போதும்! வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ ஸ்ப்ரெட் செய்வது எப்படி?

ரீல்ஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. பாட்டிலுக்குள்ள ஸ்பூனை விட்டு எடுத்தா, வெள்ளை வெளேர்னு மேகம் மாதிரி ஒரு க்ரீம் ஒட்டிக்கிட்டு வரும். அதை பிரெட்ல தடவி, மேல பீநட் பட்டர் வெச்சு ஒரு கடி. அதுதான் மார்ஷ்மெல்லோ ஸ்ப்ரெட்.

ஆசைப்பட்டு ஆன்லைன்ல தேடினா, இறக்குமதி பாட்டிலோட விலை தலை சுத்த வைக்கும். சரி, வீட்டுலயே செய்யலாம்னு ரெசிப்பி எடுத்தா, முதல் வரியிலயே ரெண்டு பொருள் நம்மைத் தடுத்து நிறுத்தும். ஒண்ணு கார்ன் சிரப், இன்னொண்ணு க்ரீம் ஆஃப் டார்டார். தேனி கடைவீதியில இந்த ரெண்டையும் கேட்டா, கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஆனா, இந்த ரெண்டு பொருளும் செய்யுற வேலையைச் செய்ய ஒரு பழம் இருக்கு. அதுவும் கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் முழுக்க, ரோட்டோரத்துலயே கிடைக்கிற பழம். பன்னீர் திராட்சை!

முதல்ல, மார்ஷ்மெல்லோன்னா என்ன?

மார்ஷ்மெல்லோ என்பது உண்மையில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளரும் இந்தச் செடியின் வேரில் இருந்து வழவழப்பான சாறு வரும். நம்ம வெண்டைக்காய், செம்பருத்தி, துத்தி எல்லாம் இதே தாவரக் குடும்பம்தான். வெண்டைக்காய் நறுக்கும்போது கையில ஒட்டுற வழவழப்பை நினைச்சுப் பாருங்க, அதேதான். 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மிட்டாய்க்காரர்கள் இந்த வேர்ச்சாற்றோடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்து மிட்டாய் செய்தார்கள். பிறகு வேர்ச்சாற்றின் இடத்தை ஜெலட்டின் பிடித்துக்கொண்டது. இன்னைக்குக் கடையில் விற்கிற மார்ஷ்மெல்லோவில் அந்தச் செடி கிடையாது, பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஸ்ப்ரெட்டின் கதை 1917-ல் தொடங்குது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சோமர்வில் என்ற ஊரில் ஆர்ச்சிபால்ட் குவெரி என்பவர் இதைத் தன் வீட்டுச் சமையலறையில் செய்து, வீடு வீடாகப் போய் விற்றார். 1920-ல் செய்முறையை டர்க்கி, மோவர் என்ற இரண்டு பேருக்கு விற்றுவிட்டார். 'மார்ஷ்மெல்லோ ஃப்ளஃப்' என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது. ஆக, இது தொழிற்சாலையில் பிறந்த பொருள் இல்லை. அடுப்படியில பிறந்ததுதான்.

இந்த ஸ்ப்ரெட்டில் ஜெலட்டின் கிடையாது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரைப் பாகு, காற்று, இந்த மூணும்தான். நம்ம தூத்துக்குடி மக்ரூனும் இதுக்குச் சொந்தக்காரப் பொருள்தான். அதுவும் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரி சேர்த்து செய்வது. அதை அடுப்பில் வைத்து மொறுமொறுன்னு உலர்த்துகிறோம். இதைப் பாகு ஊற்றி, மெத்துன்னு அப்படியே விட்டுவிடுகிறோம்.

திராட்சை இங்கே எப்படி வந்தது?

வெறும் சர்க்கரையைப் பாகு காய்ச்சினால், ஆறும்போது அது மறுபடியும் படிகமாக மாறப் பார்க்கும். வாயில வெச்சா மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற வேறு சர்க்கரைகள் கொஞ்சம் கலந்திருந்தால், அவை குறுக்கே நின்று படிகம் சேரவிடாமல் தடுக்கும். கார்ன் சிரப்பில் இருக்கும் குளுக்கோஸ் இந்த வேலையைத்தான் செய்யுது.

க்ரீம் ஆஃப் டார்டார் ஓர் அமிலப் பொருள். அது வெள்ளைக்கருவின் நுரை சீக்கிரம் அடங்காமல் பிடித்துக்கொள்ளும். பாகில் சேர்த்தால், சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும்.

இப்போ திராட்சையைப் பாருங்க. அதன் இனிப்பே பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். அதன் புளிப்போ டார்டாரிக் அமிலம். இன்னும் சொல்லப்போனா, க்ரீம் ஆஃப் டார்டார் எடுக்கப்படுவதே திராட்சையில் இருந்துதான். வைன் தயாரிக்கும் பீப்பாய்களின் உள்பக்கம் படியும் உப்பைச் சுத்தம் செய்து பொடியாக்கி விற்கிறார்கள். வீட்டுல திராட்சை ஜூஸை ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வெச்சா, அடியில சில நேரம் மணல் மாதிரி தங்குமே, அது பெரும்பாலும் இந்த உப்புதான்.

கம்பத்துப் பழத்துக்கு என்ன ஸ்பெஷல்?

கம்பம் பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக் பக்கம் திராட்சைக்கு வருஷத்துல ஒரு சீசன்தான். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் கொடிகள் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது காய்க்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் நேரமும் மாறும். அதனால எந்த மாசம் போனாலும் ஏதாவது ஒரு பந்தல்ல பழம் தொங்கும்.

அழகா இருக்குல்ல? ஆனா, இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. மழை பெய்தால் பழம் வெடிக்கும். அறுத்த பிறகு ரொம்ப நாள் தாங்காது. நிறைய தோட்டங்களில் ஒரே நேரத்தில் பழம் வந்தால் விலை இறங்கும். விலை ஏறட்டும்னு விவசாயி பழத்தைப் பிடிச்சு வெச்சுக்கவும் முடியாது. கொத்தில் இருந்து உதிர்ந்த பழத்துக்கு இன்னும் குறைந்த விலைதான், சுவை அதேதான் என்றாலும்.

நமக்குத் தேவை அந்த உதிரிப் பழம்தான். ஜூஸ் எடுக்கக் கொத்து அழகா இருக்கணும்னு அவசியமே இல்லை. நசுங்காத, புளித்த வாடை வராத உதிரியா பார்த்து, தோட்டத்து வாசல்லயே கேட்டு வாங்குங்க.

என்னென்ன வேணும்?

பன்னீர் திராட்சை - அரை கிலோ
சர்க்கரை - 250 கிராம்
முட்டை வெள்ளைக்கரு - 2
எலுமிச்சைச் சாறு - அரை டீஸ்பூன்
உப்பு - ஒரு சிட்டிகை
ஏலக்காய்ப் பொடி - கால் டீஸ்பூன் (போடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு வெனிலா எசென்ஸ் எதுக்கு?)

கருவியில் ஹேண்ட் பீட்டர் மட்டும் கட்டாயம். மிக்ஸி இதுக்குச் சரிப்படாது. கையால அடிக்கிறதும் முடியாத காரியம் இல்லை, ஆனா தோள்பட்டை கழன்றுவிடும்.

எப்படிச் செய்யணும்?

1. திராட்சையை உப்புத் தண்ணீரில் 10 நிமிஷம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசுங்க. பாத்திரத்தில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் 10 நிமிஷம் வேகவிடுங்க. தோல் வெடித்து நிறம் இறங்கும். மத்தால் லேசாக மசித்து, துணியில் வடிகட்டுங்க. மிக்ஸியில் அடிக்காதீங்க, விதை உடைஞ்சா கசக்கும். இந்தச் சாற்றில் 200 மில்லி போதும். மிச்சத்தில் ஐஸ் போட்டுக் குடிச்சிடுங்க.

2. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததும் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரிச்சிடுங்க. குளிர்ச்சியா இருக்கும்போது பிரிப்பது சுலபம். பிறகு அரை மணி நேரம் வெளியே வைங்க, குளிர் விட்டால்தான் நல்லா நுரைக்கும். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை சரியா வராது, அதுல இருக்கிற கொழுப்புதான் காரணம். அதேபோல பிளாஸ்டிக் கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், அதனால எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

3. பெரிய பாத்திரத்தில் திராட்சைச் சாறு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து அடுப்பில் வைங்க. சின்னப் பாத்திரம் வேண்டாம், பொங்கிவிடும். சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடவே கூடாது. கிளறினால் படிகம் உருவாகும்.

4. பதம்தான் இங்கே முக்கியம். தெர்மாமீட்டர் இருந்தால் 115 முதல் 116 டிகிரி செல்சியஸ். இல்லையா, அம்மாவையோ பாட்டியையோ கூப்பிடுங்க. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டால், கரையாமல் விரலால் மெத்துன்னு உருட்ட வரணும். அதிரசத்துக்குப் பார்க்கிற அதே பதம். கடலை மிட்டாய்ப் பதத்துக்குப் போயிட்டா ஸ்ப்ரெட் இறுகிப்போகும். மேகமலை, கொடைக்கானல் மாதிரி உயரமான ஊரில் தண்ணீரே 100 டிகிரிக்குக் கீழே கொதிக்கும். அங்கே தெர்மாமீட்டரை விட இந்தத் தண்ணீர் சோதனைதான் நம்பகமானது.

5. பாகு பதத்தை நெருங்கும்போது, வெள்ளைக்கருவில் உப்பு போட்டு அடிக்க ஆரம்பிங்க. பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் அளவுக்கு நுரை வரணும்.

6. பீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்போது, சூடான பாகை நூல் மாதிரி மெதுவாக, பாத்திரத்தின் ஓரமாக ஊற்றுங்க. பீட்டர் கம்பி மேல ஊற்றினால் பாகு தெறித்துக் கையைச் சுடும். மொத்தமாகக் கொட்டினால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். உதவிக்கு ஒரு ஆள் இருப்பது நல்லது. குழந்தைகளைப் பக்கத்துல விடாதீங்க. சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கிட்டே சுடும், வெந்நீரை விட மோசம்.

7. அதன் பிறகும் 7 முதல் 10 நிமிஷம் அடிங்க. பாத்திரத்தின் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக ஆறியதும், ஏலக்காய்ப் பொடி சேர்த்து நிறுத்திடலாம். பளபளன்னு, ஸ்பூனில் இருந்து மெதுவாக ரிப்பன் மாதிரி விழும்.

நிறம் ஏன் சாம்பலாச்சு?

வெளிர் ஊதா வரும்னு எதிர்பார்த்து, சாம்பல் கலந்த நீலம் வந்துதா? பயப்படாதீங்க, கெட்டுப்போகலை. திராட்சைத் தோலின் நிறமி, புளிப்பு இருந்தால் சிவப்புப் பக்கமும், காரத்தன்மை இருந்தால் நீலப் பக்கமும் சாயும். முட்டை வெள்ளைக்கரு காரத்தன்மை கொண்டது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு சுற்று அடிங்க, ரோஸ் நிறத்துக்குத் திரும்பும். பாக்கெட் ஃபுட் கலர் மாதிரி பளிச்சுன்னு இருக்காது, மென்மையாத்தான் இருக்கும்.

தண்ணியா இருந்தால் பாகு பதம் வரலைன்னு அர்த்தம். நறநறன்னு இருந்தால் கொதிக்கும்போது கிளறியிருப்பீங்க.

முட்டை பாதுகாப்பானதா?

இதை மட்டும் ஸ்கிப் பண்ணாம படிங்க. சூடான பாகு ஊற்றுவதால் வெள்ளைக்கரு ஓரளவு வேகும். ஆனா, சால்மோனெல்லா கிருமி முழுசா சாகும் அளவுக்கு எல்லா இடத்திலும் சூடு ஏறும்னு உறுதியா சொல்ல முடியாது. வீட்டில் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் ஒரு படி கூடுதலாகச் செய்யுங்க. எடுத்து வைத்த சர்க்கரையில் இருந்து 2 டேபிள்ஸ்பூனை வெள்ளைக்கருவில் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்க. 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, பிறகு நுரைக்க அடிங்க. இதுக்குத் தெர்மாமீட்டர் கட்டாயம் வேணும், கண் அளவு உதவாது.

முட்டை சாப்பிடாதவங்களுக்கும் வழி உண்டு. கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான தண்ணீர் 4 டேபிள்ஸ்பூனை, நன்றாக ஆறவைத்து, வெள்ளைக்கருவுக்குப் பதிலாக அடிக்கலாம். உப்பு போடாமல் கடலையை வேகவைக்கணும். நுரை வர அதிக நேரம் பிடிக்கும், சீக்கிரம் அடங்கவும் செய்யும். அன்னைக்கே சாப்பிட்டு முடிச்சிடுங்க.

எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். ஈர ஸ்பூன் கூடாது. நிறைய பேர் இதைச் செய்து பார்த்ததும் இன்ஸ்டாவில் விற்கலாமான்னு யோசிக்கிறாங்க. இந்த ஸ்ப்ரெட்டுக்கு அது சரியான ஐடியா இல்லை. முட்டை இருக்கு, ஆயுள் குறைவு, கூரியரில் ஃப்ரிட்ஜ் கிடையாது. விற்கணும்னா திராட்சை ஜாம் அல்லது ஸ்குவாஷ் செய்யுங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு வாங்கிட்டுத் தொடங்குங்க. அதுக்கும் அதே உதிரிப் பழம்தான் வேணும்.

இன்னொரு விஷயம். திராட்சை சேர்த்ததால் இது சத்தான உணவு ஆகிவிடாது, இனிப்பு இனிப்புதான். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 5 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டீ, காபியில போடுறதும் அந்தக் கணக்குலதான் வரும்.

எதோட சாப்பிடலாம்?

டோஸ்ட் பண்ணின பிரெட்டில் ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் கடலை மிட்டாயைப் பொடித்துத் தூவினால், அமெரிக்கர்களின் 'ஃப்ளஃபர்நட்டர்' சாண்ட்விச்சுக்கு நம்ம ஊர் பதில் ரெடி. வட்டமா நறுக்கின வாழைப்பழத்தின் மேல் தடவலாம். சூடான பாலில் ஒரு ஸ்பூன் மிதக்கவிட்டால், கம்பத்துச் சாரலுக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கும்.

அடுத்த தடவை சுருளி அருவிக்கோ, குமுளிக்கோ போயிட்டுத் திரும்பும்போது, ரோட்டோரத் திராட்சைக் கடையில வண்டியை நிறுத்துங்க. கொத்துப் பழத்தைச் சாப்பிட வாங்குங்க. பக்கத்துக் கூடையில இருக்கிற உதிரியையும் அரை கிலோ கேளுங்க. பேரம் மட்டும் பேசாதீங்க.