குழாயின் மறுமுனை

நாம் உண்ணும் உணவைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. எந்த ஊர் மிளகாய் காரமானது, எந்தக் கிணற்று நீரில் பருப்பு விரைவில் வேகும் என்றெல்லாம் எங்கள் நரிக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். உண்ட உணவு உடலை விட்டு நீங்கிய பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். அவ்வாறு முகம் சுளிக்கப்படும் பொருளையே இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவர்கள். அந்தக் கல்வி துணை நிற்கும்போது அருவருப்புக்கு இடமில்லை. கழிவை மனிதன் தொடாமல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டு செல்வது எப்படி? கொண்டு சென்ற பின் அதை என்ன செய்வது? இவ்விரண்டு வினாக்களே இன்றைய பேச்சு.

சிறியதோர் இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் தங்குகின்ற கேரவன் வண்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேலை நாடுகளில் குடும்பங்களே அத்தகைய வண்டிகளில் ஏறி நாடு சுற்றுகின்றன. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த வண்டி ஒரு நகரும் வீடு. அதனடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் மற்றொன்று. சில நாட்களில் இவை நிரம்பிவிடும். காலி செய்தாக வேண்டும்.

வழக்கமான முறை எளியது. மூன்று அங்குல அகலமுள்ள குழாயைத் தொட்டியின் வாயில் மாட்டி, மறுமுனையைச் சாக்கடைத் துளையில் வைத்து அடைப்பைத் திறந்தால், கழிவு தானே இறங்கி ஓடும். பள்ளத்தை நோக்கி நீர் பாயும் என்பதே இதன் தத்துவம். ஆனால் சாக்கடைத் துளை மேட்டில் இருந்தால்? அல்லது நூறு அடி தள்ளி இருந்தால்? அங்கேதான் மெசரேட்டர் பம்பு என்னும் கையடக்கமான கருவி உதவுகிறது. இதை அரைத்துத் தள்ளும் பம்பு என்று சொல்லலாம். நம் வீட்டு மிக்ஸியில் உள்ளதைப் போன்ற அலகு ஒன்று உள்ளே சுழன்று, திடக்கழிவையும் காகிதத்தையும் கூழாக்குகிறது. அதன் பின்னால் உள்ள இறக்கைச் சக்கரம் அந்தக் கூழை ஓர் அங்குலக் குழாய் வழியே அழுத்தித் தள்ளுகிறது. வண்டியின் 12 வோல்ட் மின்கலமே இதற்குப் போதும்.

அரைப்பது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு ஓர் அங்குலக் குழாயினுடையதைப் போல் ஒன்பது மடங்கு. வாய் குறுகியதால் குழாய் இலேசாகிறது. சுருட்டி எடுத்துப் போகலாம். ஆனால் குறுகிய வாயில் கட்டி சிக்கினால் அடைத்துக்கொள்ளும். எனவே அரைப்பு இன்றியமையாததாகிறது.

இக்கருவியை இயக்குவோர் சில விதிகளைக் கைக்கொள்வர். கழிப்பறைத் தொட்டியின் அடைப்பை எப்போதும் திறந்து வைக்கக் கூடாது. வைத்தால் நீர் மட்டும் வடிந்து திடக்கழிவு அடியில் இறுகிவிடும். தொட்டி ஓரளவு நிரம்பிய பின் திறந்தால் நீரின் வேகமே அனைத்தையும் அடித்துச் செல்லும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல்நீர்த் தொட்டி என்ற வரிசையில் திறந்தால், சோப்பு நீர் குழாயை அலசிவிடும். நீரின்றி வெறுமனே பம்பை ஓட்டலாகாது. ஓட்டினால் இறக்கைச் சக்கரத்தின் இரப்பர் சூடேறிக் கெட்டுவிடும்.

படகுகளிலும் கப்பல்களிலும் இதே முறையில் கழிவை அரைப்பதுண்டு. கப்பல் கழிவு பற்றிய சர்வதேச விதிகள் 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அவ்வாறு செய்யாததை 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அரைத்துவிட்டதாலேயே கழிவு தூய்மையாகிவிடவில்லை. எங்கே விடுவது என்ற கேள்வி அப்போதும் நிற்கிறது.

கேரவன் வண்டியில் இப்படியென்றால், நம் வீட்டில் எப்படி? எங்கள் நரிக்குடி மழையை நம்பி வாழும் வறண்ட பூமி. கண்மாயும் கருவேலமும் எங்கள் அடையாளங்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை இல்லை. கருவேல மறைவே கழிப்பறை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. அதன் பின் வீடுதோறும் கழிப்பறைகள் எழுந்தன. பல வீடுகளில் அதனடியில் ஒரு செப்டிக் டேங்கும் கட்டப்பட்டது. கட்டிய அன்றே அதை மறந்துவிடுவது நம் இயல்பு.

செப்டிக் டேங்கினுள் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. எண்ணெய்ப் பசை ஆடையாக மேலே மிதக்கும். கனமான கசடு அடியில் படியும். இடையில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் செரிக்கின்றன, முழுதும் செரிப்பதில்லை. ஆதலால் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும்.

இங்கேதான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. செரிமானத்தின்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை தோன்றுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுடையது. நாற்றம் அடித்தால் விலகிவிடலாமே என்பீர்கள். அதன் அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே அது மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று நினைத்து இறங்குகிறவன் சில மூச்சுகளில் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுகிறான். ஒரே தொட்டியில் இருவர் மூவர் மாண்டார்கள் என்று செய்தித்தாளில் வருவதன் காரணம் இதுவே.

பிறப்பின் பெயரால் ஒரு சாராரின் தலையில் கட்டப்பட்ட இந்த வேலையைத் தடுக்க 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், 2013ஆம் ஆண்டில் அதனினும் கடுமையான சட்டமும் வந்தன. தக்க பாதுகாப்பின்றித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது குற்றம். முதல் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இச்சட்டம் நகராட்சியையும் ஒப்பந்தக்காரரையும் மட்டும் கட்டுவதன்று. ஆளை அமர்த்தும் வீட்டுக்காரரையும் கட்டும். சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலையாகாது எத்தொகையும்.

மனிதன் இறங்காமல் கசடை எடுக்கும் வழி என்ன? உறிஞ்சும் லாரியே அது. இதில் ஒரு பௌதிகப் பாடம் இருக்கிறது. லாரியின் தொட்டியிலிருந்து காற்றை ஒரு பம்பு வெளியேற்றுகிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம், கசடின் மேல் அழுத்தி அதைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. உறிஞ்சுவது என்று நாம் சொன்னாலும், உண்மையில் வேலை செய்வது வளிமண்டலத்தின் தள்ளுதல்தான். அந்தத் தள்ளுதலுக்கும் எல்லை உண்டு. கடல்மட்டத்தில் வளிமண்டலம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது 34 அடி உயரத்திற்குத்தான் தாங்கி நிறுத்தும். 1643ஆம் ஆண்டில் டாரிசெல்லி செய்த பாதரசச் சோதனையின் உட்பொருள் இதுவே. நடைமுறையில் அதனினும் குறைந்த ஆழத்திலிருந்தே எடுக்க முடியும். மெசரேட்டர் பம்போ தன் சொந்த விசையால் முன்னோக்கி அழுத்துவது. ஆகவே அது மேட்டிற்கும் தொலைவிற்கும் ஏற்றது. லாரி பள்ளத்திலிருந்து எடுப்பதற்கு ஏற்றது.

லாரி வந்த பிறகும் சில வீடுகளில் ஆளை உள்ளே இறக்குகிறார்கள். அடியில் ஒட்டியதையும் சுரண்டிச் சுத்தமாக எடுக்க வேண்டும் என்ற பிடிவாதமே காரணம். அது தேவையற்றது. மேலிருந்து நீரைப் பீய்ச்சினால் இறுகிய கசடு இளகும். மிகுதியைக் குழாய் எடுத்துவிடும். சிறிதளவு கசடு அடியில் தங்குவது நன்மையே. அடுத்த தயிருக்கு நம் தாய்மார் பானையில் உறைமோர் விட்டுவைப்பதில்லையா? அதுபோல, செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த மிச்சமே வித்து. வேண்டாத ஒரு சுத்தத்திற்காக மனிதர் சாக வேண்டியதில்லை.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்கு வந்த லாரியின் ஓட்டுநரிடம், "இதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவீர்கள்?" என்று நான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? ராத்திரி ஒதுக்குப்புறமாப் பார்த்து விட்டுருவோம்" என்றார். அவரை நான் நோகவில்லை. பணம் கொடுத்த வீட்டுக்காரர் அக்கேள்வியைக் கேட்டதே இல்லையே! ஒதுக்குப்புறம் என்பது எங்கள் நாட்டில் கண்மாய்க்கு நீர் வரும் ஓடையாகவே பெரும்பாலும் இருக்கும். மழை பெய்தால் அந்தக் கசடு கண்மாய்க்குப் போகும். அதில்தான் மாடு குடிக்கிறது, சிறுவர் குளிக்கிறார்கள்.

இதன் பெரிய வடிவத்தை நாங்கள் கிருதுமால் நதியில் காண்கிறோம். எங்கள் வட்டாரக் கண்மாய்களுக்கு உயிர்நாடியான அந்நதி, மதுரை மாநகரில் கழிவுநீர் கலந்து சாக்கடையாக மாறிப்போனது. மதுரைக்காரருக்கு அது கண்ணை விட்டு அகன்ற கழிவு. அதே நதிதான் எங்களுக்குப் பாசன வழி. குழாயின் ஒரு முனையில் நிற்பவருக்குச் சுத்தமாகத் தோன்றுவது, மறுமுனையில் நிற்பவருக்கு நோயாகலாம்.

மறுமுனையையும் செம்மை செய்த சான்றுகள் நம்மிடமே உள்ளன. நரிக்குடி நிலையம் விருதுநகர்–மானாமதுரை இருப்புப்பாதையில் இருக்கிறது. மானாமதுரையிலிருந்து இராமேசுவரம் வரை 114 கிலோமீட்டர் பாதை, 2016ஆம் ஆண்டு ஜூலையில், கழிவு விழாத நாட்டின் முதல் பசுமைப் பாதையாக அறிவிக்கப்பட்டது. முன்பெல்லாம் ரயில் கழிப்பறையின் துளை நேரே தண்டவாளத்தை நோக்கித் திறந்திருக்கும். அதன் இடத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உருவான உயிரியல் தொட்டி வந்தது. அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. நீர் குளோரின் கலக்கப்பட்டு வெளியேறுகிறது. ஓடும் வண்டியிலேயே கழிவு செரிக்கப்படுவதால், வேறிடத்திற்குத் தள்ளும் வேலையே குறைந்துபோகிறது. பயணிகள் அதில் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் போட்டால் மட்டும் அது திணறும்.

மற்றொரு சான்று செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி. தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டிலேயே மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதன்பின் 2017ஆம் ஆண்டில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கருங்குழியில் செயற்படத் தொடங்கியது. லாரிகள் கொணரும் கசடை மணலும் சரளையும் பரப்பிய பாத்திகளில் ஊற்றுகிறார்கள். நீர் கீழே வடிந்து தனியே சுத்திகரிக்கப்படுகிறது. மேலே தங்கும் கசடு வெயிலில் காய்கிறது. உருண்டைப்புழுவின் முட்டைகள் மாதக்கணக்கில் உயிர்தாங்குவன. ஆதலால் நன்கு காய்ந்து பக்குவமான பின்பே அது எருவாக நிலத்தைச் சேரத் தகும்.

இதைக் கேட்கும்போது என் மனம் ஊருக்குப் போகிறது. மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் குறைபட்டுக்கொண்ட வெயில்தான், இத்தகைய பாத்திக்கு வேண்டிய முதற் பொருள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. சத்துக் குறைந்த கரிசலுக்கும் செவலுக்கும் எரு வேண்டும். எரு தரும் பொருளோ இரவில் ஓடையில் கொட்டப்படுகிறது.

மாணவ நண்பர்களே, உங்களால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அதன் மூடிமேல் தளம் போட்டு மறைக்க விடாதீர்கள். மறைத்தால் ஆபத்து நேரத்தில் குழாய் நுழைய வழியிராது. எவரையும் அதனுள் இறங்க விடாதீர்கள்; மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றவும் நீங்கள் இறங்காதீர்கள், தீயணைப்புப் படையை அழையுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்னும் உதவி எண் இருக்கிறது. லாரி வந்தால், "எங்கே கொட்டுவீர்கள்?" என்று அச்சமின்றிக் கேளுங்கள். பத்து வீடுகளில் அக்கேள்வி எழுந்தால் ஓட்டுநர் விடை தேடுவார். நூறு வீடுகளில் எழுந்தால் ஊராட்சி ஒன்றியம் விடை தேடும்.

பம்பு என்பது கழிவை இடம் மாற்றும் கருவியே. அதை இல்லாமல் ஆக்கும் ஆற்றல் அதற்கில்லை. குழாயின் இந்த முனையில் மனித உயிரையும், மறுமுனையில் கண்மாய் நீரையும் காப்பது நம் அறிவின் பொறுப்பு.