அழிக்கிற பட்டன் இல்லாத காசு மெஷின்

போன பொட்காஸ்ட் முழுக்க சாப்பாட்டு ஆப்களைப் பற்றியே கதைச்சோம். கோல்டிங்கில் பிறந்த ஜஸ்ட் ஈட், 2015இல் கோப்பன்ஹேகனில் தொடங்கின டூ குட் டூ கோ எண்டு டென்மார்க் பெருமை எல்லாம் சொல்லியாச்சு. கவுண்டரில் இருக்கிற காசு மெஷினை மட்டும் மறந்திட்டோம்.

என்ர மாமா யூலண்டில் சின்ன டேக்அவே கடை வைத்திருக்கிறார். ஒரு கொப்பி, ஒரு பழைய மெஷின், ஒரு லாச்சி: இருபது வருஷமாக அவற்ற கணக்கு அவ்வளவுதான். 2024 ஜனவரி 1 முதல் அது போதாது. வருட விற்பனை 50,000 குரோனருக்கு மேல், 1 கோடி குரோனருக்குக் கீழ் இருக்கிற ரெஸ்ரோரண்ட், கஃபே, பிட்சா கடை, கியோஸ்க் போன்றவற்றில் டிஜிட்டல் விற்பனைப் பதிவு கட்டாயம். மாமா புது மெஷின் வாங்கினார். செட் பண்ணினது, வழக்கம்போல, நான். (உங்கட வீட்டிலயும் இந்தப் பதவி உங்களுக்குத்தானே?)

முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருத்தர் ரெண்டு கொத்து ரொட்டிக்குக் காசு கட்டினார். பிறகு ஒண்டு போதுமாம்.

"தம்பி, மற்றதை அழிச்சு விடு."

தேடினன். அழிக்கிற பட்டனே இல்லை.

இந்த மெஷின்களின் சூட்சுமம் அதுதான். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் உருவாகும். அதைக் கணக்கிடும்போது முந்தின பில்லின் கையொப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பில்லை உருவினால் பிறகு வருகிற எதுவும் பொருந்தாது. பிழையைத் திருத்தலாம், ஆனால் திருத்தமும் புது வரியாகத்தான் ஏறும். ரெண்டு கொத்து விற்றது, ஒரு கொத்து திரும்பியது என்று இரண்டுமே நிற்கும்.

ஏன் இவ்வளவு இறுக்கம்? 125 குரோனர் கொத்தில் 25 குரோனர் மொம்ஸ், அது அரசாங்கத்தின் காசு. பில் மறைந்தால் அதுவும் மறையும். இரவில் விற்பனைகளைச் சத்தமில்லாமல் களைகிற மென்பொருள்கூட உலகத்தில் விற்கப்பட்டது, ஸாப்பர் என்பார்கள்.

இதையெல்லாம் மாமாவுக்கு விளங்கப்படுத்தினன். கேட்டுட்டுச் சொன்னார்: "அப்ப நான் கள்ளனோ?"

எனக்குப் பதில் வரேல்ல. அவர் ஒரு நாளும் பில் ஒளிச்சதில்லை. பெரிய கடைகளில் இப்படியான மெஷின் முன்னமே இருக்கும் என்பது சரிதான். ஆனாலும் மெஷின் செலவும் சந்தேகப் பார்வையும் சின்னக் கடையில்தான் கூடுதலாக விழுகுது எண்டு நான் இப்பவும் நினைக்கிறன்.

பிறகு ஒரு இரவு, கடை பூட்டும்போது எடுக்கிற இசட் அறிக்கைக்கும் கார்ட் மெஷினுக்கும் 90 குரோனர் இடிச்சுது. எங்கட கடையில் அந்த ரெண்டு மெஷினும் இணைக்கப்படேல்ல; தொகையைக் கையால் திரும்ப அடிக்க வேணும். பகுதிநேரமாக வேலை செய்யிற பெடியனை மாமா ஒரு மாதிரிப் பார்த்தார். பதிவைத் திறந்தன். 19:42க்கு 198 குரோனர் பில். கார்ட் மெஷினில் அதே நேரம் 108. அந்த நேரம் பெடியன் டெலிவரியில் நிண்டவன். கவுண்டரில் நிண்டது மாமா.

கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு பெடியனுக்கு ஒரு கொத்துக் கட்டிக் குடுத்தார். "ரெண்டையும் இணைக்க எவ்வளவு முடியுமெண்டு கேள் தம்பி" எண்டார்.

கொப்பி இன்னும் மெஷினுக்குப் பக்கத்திலதான் கிடக்குது.