எண்ணெய்க் கசிவு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் விடுமுறை நாள்களில் கார்கள் நின்று போன இடத்தை மாலையில் பார்த்தால் தரையில் ஈரத் திட்டுகள் தெரியும். அவற்றுள் பெரும்பாலானவை குளிர்சாதனக் கருவியிலிருந்து வடிந்த வெறும் தண்ணீர். சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். சில மட்டும் உலர்வதில்லை. தொட்டால் வழவழப்பாகவும் கருமையாகவும் இருக்கும் அவை எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய். அப்படிச் சொட்டும் கார் இன்னும் உத்தரவாதக் காலத்திற்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அதைத் திண்டிவனத்திற்கோ விழுப்புரத்திற்கோ ஓட்டிச் சென்று சர்வீஸ் நிலையத்தில் விடுகிறார். ஒரு சீல் மாற்றப்படுகிறது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் சொட்டுகிறது. மறுபடியும் பயணம், மறுபடியும் அதே சீல். இதற்குள் உத்தரவாதக் காலம் கரைந்துகொண்டே இருக்கிறது.

சொட்டுத்தானே என்று விட்டுவிடலாமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்ணெய்ச் சொட்டு ஒன்றின் கனஅளவு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர். ஓடும் கார் கிலோமீட்டருக்குப் பத்துச் சொட்டு இழந்தால், செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பும் 56 கிலோமீட்டரில் போவது 17 மில்லிலிட்டர்தான். ஆயிரம் கிலோமீட்டரில் அது 300 மில்லிலிட்டர் ஆகிறது. அளவுகோலின் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே பல கார்களில் ஒரு லிட்டர் அளவே இருப்பதால், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் எண்ணெய் ஆபத்தான மட்டத்திற்கு இறங்கிவிடும். பிறகு தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் இறுகிப்போகும். புகைக்குழாயின் சூடான பகுதியில் எண்ணெய் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

கசிவு எதனால் நிகழ்கிறது? குறுகிய இடுக்கு வழியே ஒரு திரவம் பாயும் அளவை முக்கியமாக மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: இடுக்கின் அகலம், உள்ளிருந்து தள்ளும் அழுத்தம், திரவத்தின் பாகுநிலை. அழுத்தம் இரு மடங்கானால் பாய்வும் இரு மடங்காகும். பாகுநிலை பாதியானாலும் அப்படியே. ஆனால் இடுக்கின் அகலம் இரு மடங்கானால் பாய்வு எட்டு மடங்காகும். அகலத்தின் முப்படிக்கு ஏற்ப அது மாறுகிறது. ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் இடுக்கை அடைக்க ஓடுவதில் வியப்பில்லை. பாகுநிலையின் பங்கும் சிறிதன்று. 15டபிள்யூ-40 என்னும் வகை எண்ணெயின் இயக்கப் பாகுநிலை 40 டிகிரி செல்சியசில் சுமார் 110 அலகு. 100 டிகிரியில் அது 15 அளவுக்கு இறங்கிவிடுகிறது. காலையில் ஆறிய எஞ்சினைப் பார்த்துவிட்டுக் "கசிவே இல்லையே" என்று சொல்லும் சர்வீஸ் நிலையத்தார் பொய் சொல்லவில்லை. தவறான நேரத்தில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடர் காரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதில் பல்லாண்டுகள் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன் கிராங்க் அச்சின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அச்சின் மேலேயே திருகு மரை போன்ற வரி வெட்டப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது அந்த வரி, ஆர்க்கிமிடீஸ் திருகைப் போல, வெளியேற முயலும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் நின்றால் தள்ளுவாரில்லை. வீட்டு வாசலில் நிறுத்திய அம்பாசடருக்கு அடியில் பழைய தகரத் தட்டை வைத்தவர்கள் காரைக் குறை சொன்னார்களே தவிர, அதில் இருந்த அழகான இயற்பியலைக் கவனித்தவர் குறைவு.

இன்றைய கார்களில் அந்த இடத்தில் உதடு வடிவச் செயற்கை ரப்பர் சீல் இருக்கிறது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சு நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், அதன் பரப்பு அந்த உதட்டின் மேல் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் உரசிச் செல்கிறது! உதட்டின் கீழே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருந்தே தீரவேண்டும்; இல்லையேல் ரப்பர் கருகிவிடும். அப்படியானால் அது ஏன் வெளியே வழிவதில்லை? உதட்டின் இரு பக்கச் சரிவுகளும் சமமானவை அல்ல. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருப்பதால், சுழற்சியின்போது படலம் உள்நோக்கியே இழுக்கப்படுகிறது. இங்கேதான் திரும்பத் திரும்ப வரும் கசிவின் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. நாளடைவில் உதடு அச்சின் மேல் மெல்லிய பள்ளம் ஒன்றைத் தேய்த்துவிடுகிறது. புதிய சீலின் உதடும் சரியாக அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் புதிது என்பதால் ஒரு பயனும் இல்லை. சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், அல்லது அச்சின் மேல் மெல்லிய உலோக உறை ஏற்ற வேண்டும்.

ரப்பரின் மீள்தன்மை வெப்பநிலையைச் சார்ந்தது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் அழிந்தது, கடுங்குளிரில் விறைத்துப்போன ஒரு ரப்பர் வளையத்தால். இயற்பியல் அறிஞர் ஃபெயின்மன் அத்தகைய ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி அதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். நம் ஊரில் தொல்லை நேர் எதிரானது. நீடித்த வெப்பத்தில் ரப்பர் அழுந்திய வடிவிலேயே நின்றுவிடும், திரும்பி எழாது. தட்டையான கேஸ்கட்டுக்கு வேறொரு பகை உண்டு: நட்டை அளவுக்கு மீறி இறுக்கும் கை. எண்ணெய்த் தொட்டியின் மெல்லிய தகடு, நட்டு இருக்கும் இடத்தில் குழிந்து, இரு நட்டுகளுக்கு நடுவே மேடாகி, அங்கே இடுக்கை உண்டாக்கிவிடும்.

இனி அழுத்தத்திற்கு வருவோம். அதிகம் மறக்கப்படுவது இதுவே. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது வாயு எப்போதும் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். அதை வெளியேற்ற ஒரு மூச்சுக் குழாயும் வால்வும் உண்டு. அவை அடைபட்டால் வாயு உள்ளே தேங்கி, எண்ணெயை எந்த இடுக்கு எளிதோ அதன் வழியே தள்ளும். எங்கள் கல்லூரி நண்பர் ஒருவரின் காரில் பதினொரு மாதத்தில் மூன்று முறை பின் சீல் மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் கியர் பெட்டியை இறக்கி ஏற்றினார்கள். நான்காம் முறை ஒரு மூத்த மெக்கானிக் மூச்சுக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை, குழாய் மடிந்து கிடந்தது. சீலின் மேல் சுமத்தப்பட்ட பழி அத்துடன் நீங்கிற்று.

இதை அளப்பதற்குப் பள்ளி ஆய்வுக்கூடத்து யு-குழாயே போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் சிறிது நீர் நிரப்பி, ஒரு முனையை அளவுகோல் செருகும் துளையில் காற்றுப் புகாமல் பொருத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். நீர்மட்ட வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் 98 பாஸ்கல். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் நீர் பெரும்பாலும் எஞ்சின் பக்கமாகச் சற்று இழுக்கப்படும். எதிர்ப்பக்கம் பல சென்டிமீட்டர் தள்ளினால் சீலை விட்டுவிட்டு மூச்சுக் குழாயைப் பாருங்கள். சூடான எஞ்சின் அருகே செய்வதால் அனுபவமுள்ளவர் உடனிருப்பது நல்லது.

கசியும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. மேலே வால்வு மூடியில் தொடங்கிய கசிவு, காற்றோட்டத்தால் பின்தள்ளப்பட்டு அடியில் சொட்டும். பழி கீழே உள்ள சீலுக்குப் போகும். எஞ்சினைக் கழுவித் துடைத்தபின், எண்ணெயில் ஒளிரும் சாயம் சிறிது கலந்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, இருட்டில் புறஊதா விளக்கடியில் பார்த்தால் கசிவின் தொடக்கம் மஞ்சள் பச்சையாக மின்னும். கள்ள நோட்டைச் சோதிக்கும் அதே உத்தி. மூன்றாம் முறை சீலை மாற்றுவதற்கு முன் இதைக் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு எல்லா நியாயமும் உண்டு.

"இது கசிவல்ல, வெறும் வியர்வை" என்று சொல்வார்கள். சில வேளை அது உண்மையும்கூட. வியர்வையா கசிவா என்பதை அளவுகோல் சொல்லும். சமதளத்தில், எஞ்சின் ஆறியபின், வாரம் ஒருமுறை மட்டத்தையும் ஓடிய தூரத்தையும் குறித்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் "எண்ணெய்க் கசிவு, இரண்டாம் முறை" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதிய தாளால் பின்னால் எதையும் மெய்ப்பிக்க இயலாது.

ஏனெனில் சட்டமும் அளவையே கேட்கிறது. மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறியது இது: உத்தரவாதம் குறையுள்ள உறுப்பை மாற்றித் தரவே கட்டுப்படுத்துகிறது, முழுக் காரையும் மாற்ற அன்று. எஞ்சின் இரைச்சல் பற்றிய ஃபியட் கார் வழக்கிலோ, சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் ஆராய்ந்து உற்பத்திக் குறை உண்டெனக் கண்டால் விலையைத் திருப்பித் தரவேண்டும் என்று 2010-இல் பணித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். காரை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் செஞ்சிக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 200 ரூபாய். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையீடு சேரவேண்டும். சீல் மாற்றி மாற்றியே அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடக்கூடும்.