ஒன்பது என்றால் என்ன?

வயலில் நோய் மதிப்பீடு செய்பவர் ஒரு செடியைப் பார்த்துக் குறிப்பேட்டில் 9 என்று எழுதுகிறார். அந்தச் செடி தேறுமா, தேறாதா?

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறைப்படி, இலைக் குலைநோய்க்கு 0 என்றால் புள்ளியே இல்லாத இலை. 9 என்றால் இலைப் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் பாழான செடி. பிரிட்டனில் கோதுமை ரகங்களுக்கு வெளியாகும் பரிந்துரைப் பட்டியலிலோ 9 என்பது நோயை மிக நன்றாகத் தாங்கும் ரகம். எண் ஒன்று, பொருள் நேர் எதிர். இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டினால் கணினி கூட்டும், சராசரியும் போடும். தப்பு என்று மட்டும் சொல்லாது.

நோயை விடுங்கள், செடியின் உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து கதிரின் நுனி வரை அளப்பதா, மேல் இலையின் நுனி வரையா? நெல்மணியில் மீசை இருந்தால் அதைச் சேர்ப்பதா, விடுவதா? ‘பூக்க 80 நாள்’ என்றால் விதைத்த நாளிலிருந்தா, நட்ட நாளிலிருந்தா? நாற்றங்காலில் கழிந்த 25 நாள் கணக்கில் விடுபட்டால், மத்திய கால ரகம் குறுகிய கால ரகமாகத் தோன்றிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சிஜிஐஏஆர் என்னும் உலக வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் விஞ்ஞானிகள் 2008-இல் ‘கிராப் ஆன்டாலஜி’ என்ற பொது அகராதியைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை எளிமையானது. எந்த அளவையும் மூன்று பகுதிகளாகச் சொல்ல வேண்டும்: எந்தப் பண்பு, எந்த முறை, எந்த அளவுகோல். ‘செடியின் உயரம், தரையிலிருந்து மிக உயரமான கதிரின் நுனி வரை, மீசை நீங்கலாக, சென்டிமீட்டரில்’. இந்த மூன்றும் சேர்ந்த தொகுப்புக்கு ஓர் அடையாள எண் உண்டு. வயலில் எடுத்த ஒவ்வொரு அளவோடும் அந்த எண்ணும் கூடவே போகும். நெல்லுக்கு, கோதுமைக்கு, மரவள்ளிக்கு என்று பயிருக்கொரு தொகுதி இருக்கிறது.

சாதாரண அகராதி பொருள் சொல்வதோடு நின்றுவிடும். இது உறவையும் சொல்கிறது. குலைநோயைத் தாங்குவது நோய் எதிர்ப்பில் ஒரு வகை என்று எழுதி வைத்திருப்பதால், ‘நோய் தாங்கும் ரகங்கள் எவை?’ என்று கேட்டால், குலைநோய் என்ற சொல்லையே நாம் உச்சரிக்காதபோதும் கணினி அந்த வயலேடுகளைத் தேடி எடுத்து வரும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? வயல் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. அதே விதையை அதே மண்ணில் மறுபடி விதைக்கலாம். அந்த ஆண்டு பொய்த்த மழையையும் அடித்த வெயிலையும் யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? வறட்சியில் நின்று காட்டிய ஒரு ரகத்தின் சாட்சி அந்தப் பழைய எண்களில்தான் இருக்கிறது. அவற்றின் பொருள் தொலைந்தால் அந்தப் பருவமே தொலைந்த மாதிரி.

எண்ணோடு அளவுகோலையும் எழுதுவது நமக்குப் புதிதல்ல. ஊருக்கு ஊர் நெல் அளக்கும் மரக்கால் மாறிய நாட்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லின் அளவை மட்டும் வெட்டிவிட்டு நிற்கவில்லை. அளந்தது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் என்றும், அது ‘ராஜகேசரி’ மரக்காலுக்கு ஒப்பானது என்றும் சேர்த்தே வெட்டின. அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கை நம்மால் படிக்க முடிகிறது. இன்று வயலில் 9 என்று எழுதும் கையும், எந்த அளவுகோலில் என்ற இன்னொரு வரியைச் சேர்த்து எழுத வேண்டும்.