பழத் தோப்பில் வாசனைத் தந்திரம்

பட்டு அந்து கூட்டைவிட்டு வெளிவந்ததும், பெண் அந்து இருந்த இடத்திலிருந்தே ஆண் அந்துகளைத் தன்னிடம் வரவழைத்துக் கொள்கிறது. அதன் உடலில் சுரக்கும் ஒருவகை வாசனைப் பொருளே இதற்குக் காரணம். ஜெர்மானிய விஞ்ஞானி பூட்டனாண்ட் சுமார் 5 லட்சம் பட்டு அந்துகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1959-ல் வெளியிட்டார். இத்தகைய பொருள்களுக்குப் 'பெரோமோன்' என்னும் பெயரும் அவ்வாண்டில்தான் ஏற்பட்டது. நம் நெசவாள அங்கத்தினர்கள் பெருமை கொள்ளலாம்.

ஆப்பிள், பேரி மரங்களுக்குப் பெரும் விரோதி காட்லிங் அந்து. இதன் புழு பழத்தைத் துளைத்து விதைவரை சென்று தின்கிறது. உள்ளே புகுந்த புழுவை மருந்து எட்டுவதில்லை. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பல்லாண்டுகள் கடும் மருந்துகளையே தெளித்து வந்தனர். பூச்சியோ அவற்றைத் தாங்கப் பழகிக் கொண்டது. இவ்வந்தின் வாசனைப் பொருள் 1971-ல் கண்டறியப்பட்டது.

இம்முறை பூச்சியைக் கொல்வதன்று. அதன் கலியாணத்தைக் குலைப்பது. வாசனைப் பொருள் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குழாய்களை, வசந்தத்தில் அந்துகள் வெளிவருமுன், மரங்களின் மேற்கிளைகளில் தொங்க விடுகின்றனர். ஏக்கருக்கு 400 குழாய்கள் வரை தேவைப்படும். தோப்பெங்கும் அதே வாசனை கமழ்வதால், ஆண் அந்து தன் துணையைத் தேடி அலைந்து மாய்கிறது. முட்டைக்கு வழியில்லை.

ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த தோப்பில் கருவுற்ற பெண் அந்து வரப்பைத் தாண்டிப் பறந்து வந்து முட்டையிட்டால், எத்தனை குழாய் கட்டியும் பயனில்லை. சிறு தோப்புகளில் இம்முறை சரிவரப் பலிப்பதில்லை. ஓரத்து மரங்களே முதலில் பாழாகின்றன. ஆகவே கலிபோர்னியாவின் ராண்டல் தீவில் 1993-ல் ஐந்து பேரித் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி, 760 ஏக்கரை ஒரே தோப்பாகப் பாவித்துக் குழாய்களைக் கட்டினர். 1995-ல் வாஷிங்டன், ஆரிகன் பகுதிகளிலும் இவ்வகைக் கூட்டு முயற்சிகள் அரசாங்க உதவியுடன் தொடங்கின. மருந்துத் தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. அந்து மிகுந்த தோப்புகளில் முதலாண்டு மருந்தும் தெளிக்க வேண்டியிருந்தது. கடும் மருந்து குறைந்த சில இடங்களில் இலைசுருட்டிப் புழு தலைகாட்டியதையும் மறைப்பதற்கில்லை.

குழாய்களின் விலை சொற்பமன்று. ராண்டல் தீவில் சம்மதிக்க வேண்டியவர் ஐவரே. நூறு பேர் சிறு சிறு துண்டுகளாகப் பயிரிடும் ஊரில், வரப்போரத்துக்காரர் ஒருவர் மறுத்தால் அவர் பங்கை யார் ஏற்பது? அதைச் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கொண்ட பின்னரே குழாய்களுக்கு ஆர்டர் கொடுப்பது நலம் என்பது நம் கருத்து.