இருபத்தாறாவது அழைப்பு ஏன் போகவில்லை?

2020 செப்டம்பர். ராசிபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. கடைசி வருஷ மாணவர்களுக்கு புராஜெக்ட் வைவா, ஆன்லைனில். எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதால், இன்டர்காமுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆஸ்டரிஸ்க் சர்வரையே வீடியோ அழைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அமைத்துக் கொடுத்தவன் நான். நண்பர் அங்கே உதவிப் பேராசிரியர். காசு வாங்கவில்லை, அதனால் திட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

காலை பத்து மணிக்கு முப்பது தேர்வாளர்கள் முப்பது அறைகளில் தயாராக இருந்தார்கள். 25 அழைப்புகள் போயின. 26வது போகவில்லை. மாணவன் எண்ணை அழுத்தியதுமே துண்டாகிறது. மாட்டிக்கொண்ட ஐந்து பேரில் ஒரு பையன் கொல்லிமலை அடிவாரம், காரவள்ளி பக்கம். சிக்னலுக்காக மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நண்பரின் போனுக்கு, "சார், கால் போகவே மாட்டேங்குதுங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பத்தேகாலுக்கு அவன் பெயருக்கு நேராக 'ஆப்சென்ட்' விழுந்துவிட்டது.

"லைசன்ஸ் 25 பேருக்குத்தான் போலிருக்குங்கண்ணா" என்றார் நண்பர். 25 என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். விற்பனைக்கு வரும் கான்ஃபரன்ஸ் சர்வர்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்று எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள். ஆனால் ஆஸ்டரிஸ்க் திறந்த மூல மென்பொருள், அதில் அப்படி லைசன்ஸ் பூட்டு கிடையாது. மொத்த அழைப்புகளுக்கு நாமே உச்சவரம்பு வைக்க ஓர் அமைப்பு உண்டு. பார்த்தேன், யாரும் வைத்திருக்கவில்லை. பிராசஸர் முப்பது சதவீதம்கூடத் தொடவில்லை. இணைய லைனிலும் இடம் இருந்தது.

இந்த மாதிரிச் சிக்கலில் நான் முதலில் பார்ப்பது, உடைகிற எண் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை. ஒரு தடவை 23, அடுத்த தடவை 28 என்று ஆடினால் வளம் போதவில்லை என்று அர்த்தம்: பிராசஸர், நினைவகம், லைன் இப்படி ஏதோ ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே எண்ணில் பிசகாமல் உடைந்தால், அந்த எண்ணை யாரோ எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் மூன்று தடவையும் எங்களுக்கு 25தான்.

ஆனால் எழுதி வைத்த எண் 25ஆகவே இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு உறைக்க நேரமானது. சேனல் பட்டியலை எடுத்தபோது கடைசியில் '50 சேனல், 25 அழைப்பு' என்று இருந்தது. நாம் ஓர் அழைப்பு என்று சொல்வது சர்வருக்கு இரண்டு கால்கள்: மாணவனிடமிருந்து சர்வருக்கு ஒன்று, சர்வரிலிருந்து தேர்வாளருக்கு ஒன்று. ஒவ்வொரு காலிலும் ஒலிக்கு ஒரு ஓட்டம், படத்துக்கு ஒரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யுடிபி போர்ட் இரண்டு: இரட்டை எண்ணில் ஆர்டிபி, அடுத்த ஒற்றை எண்ணில் அதன் தரக் கணக்கைச் சொல்லும் ஆர்டிசிபி. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, ஆக ஒரு வீடியோ அழைப்புக்கு எட்டு போர்ட். 25 அழைப்புக்கு 200.

போர்ட் வரம்பு எழுதிய கோப்பைத் திறந்தேன். 10000 முதல் 10199 வரை. சரியாக 200!

ஆஸ்டரிஸ்க்கோடு வரும் மாதிரிக் கோப்பில் இது 10000 முதல் 20000 வரை. இன்டர்காம் போட்டவர் ஃபயர்வாலில் பெரிய ஓட்டை வேண்டாம் என்று குறைத்திருக்கிறார். இருபது போன் வைத்த இன்டர்காமுக்கு 200 தாராளம், அவரைக் குறை சொல்ல முடியாது. தப்பு என்னுடையது. முந்தின வாரம் நான் சோதித்தது ஒலியை மட்டும். ஒலி அழைப்புக்கு நாலு போர்ட் போதும், 50 வரை தாங்கும். நாற்பது ஓட்டிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. இடையில் இன்னொரு கூத்து: 25 கூட இல்லாமல், பேசிக்கொண்டிருந்தவர்கள் 19 ஆகிவிட்டார்கள். நிற்கிற எண் நகர்கிறதே என்று குழம்பினேன். பட்டியலில் மட்டும் 25 அப்படியே இருந்தது. மீதி ஆறும் செத்த அழைப்புகள். போனை வைத்தால் 'முடிந்தது' என்று ஒரு செய்தி சர்வருக்குப் போகும். சிக்னல் அறுந்தால் அந்தச் செய்தியே போகாது. சர்வர் பாட்டுக்கு யாரும் இல்லாத இடத்துக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், எட்டு போர்ட்டையும் பிடித்துக்கொண்டு. அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே விசாரிக்க எஸ்ஐபி நெறிமுறையில் ஒரு டைமர் உண்டு. அதற்குப் பரிந்துரைத்த கால அளவு 1800 விநாடி, அரை மணி. எங்கள் வைவா ஒன்றுக்கு கால் மணி நேரம்தான். சிக்னல் மோசமான ஊர்ப் பிள்ளைகள் துண்டாகித் திரும்ப அழைக்க அழைக்க, அவர்களுடைய பழைய அழைப்புகளே அவர்களுக்குக் கதவை அடைத்துக்கொண்டிருந்தன.

போர்ட் வரம்பை சர்வரிலும் ஃபயர்வாலிலும் 20000 வரை விரித்தேன். ஒரு நிமிஷம் ஒலியோ படமோ எதுவும் வராவிட்டால் அழைப்பை வெட்டச் சொல்லும் அமைப்பையும் போட்டேன், அது இயல்பாக அணைந்தே இருக்கும். பத்து விநாடி என்று வைக்கக் கை பரபரத்தது. ஆனால் சில செயலிகள் மைக்கை அணைத்தால் ஒலி அனுப்புவதையே நிறுத்திவிடும். படமும் நின்றுபோயிருந்தால், கேள்வியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் பையனையே வெட்டிவிடும்.

இத்தனை லைன் போதுமா என்ற கேள்வி நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917இல் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன்படி, நூற்றில் ஓர் அழைப்புதான் திரும்பிப் போகலாம் என்றால், 50 லைன்கள் சராசரியாக ஒரே நேரத்தில் சுமார் 38 பேச்சு வரும் சுமையைத் தாங்கும். 5 லைன்கள் 1.36 அளவுதான் தாங்கும். லைன் பத்து மடங்கானால் தாங்கும் சுமை கிட்டத்தட்ட 28 மடங்கு! நாமக்கல் லாரி ஆபீஸ்களில் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு, ஆர்டினரியா அர்ஜென்ட்டா லைட்னிங்கா என்று காசை எண்ணிக்கொண்டு காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர்களுக்கு நடுவே லைன்கள் கொஞ்சமாக இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

ஆனால் எர்லாங் கணக்கு, அழைப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. முப்பது பேரையும் 'பத்து மணிக்குக் கூப்பிடு' என்று சொல்லிவிட்டு சராசரி பார்த்துப் பிரயோஜனமில்லை. அங்கே உச்ச எண்ணுக்கே போர்ட் வேண்டும், துண்டாகித் திரும்ப வருபவர்களுக்கு மேலும் கொஞ்சம்.

இப்போதைய வெப்ஆர்டிசி அழைப்புகளில் ஒலி, படம், தரக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே போர்ட்டில் கட்டி அனுப்ப முடியும், அதனால் இந்த எட்டுக் கணக்கு அங்கே செல்லாது. அங்கே லினக்ஸில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பல இடங்களில் 1024 என்றே விட்டு வைத்திருப்பார்கள்.

அந்தப் பையனை மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பக் கூப்பிட வைத்தோம். அதற்குத் துறைத் தலைவர் என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். காலை பத்து மணி முதல் பதினொன்று வரை சர்வர் ஏற்க மறுத்த அழைப்புகள், நேரம், எண் வாரியாக. பதிவேட்டிலிருந்து எடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன். அவன் எண் பதினொரு தடவை இருந்தது.