உறையோடு வரும் கத்திரி

"புள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் பிந்தும், வாப்பாவும் அப்பிடித்தான்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இரண்டு முதல் நான்கு வயதுக்குள், பேச்சு பிந்துவதோடு வலிப்பும் தொடங்கினால், அரிதாக வேறொரு காரணமும் இருக்கக்கூடும். அதை விளங்கப்படுத்த ஒரு நொதியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நமது கலங்களுக்குள் லைசோசோம் என்ற சிறு பைகள் இருக்கின்றன. 1955இல் அவற்றுக்கு அப்பெயரைச் சூட்டியவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். பழுதான புரதங்கள் அங்கே நொறுக்கப்பட்டுத் திரும்பவும் பயன்படுகின்றன. நொறுக்கும் நொதியங்களில் ஒன்று டிபிபி1. மற்ற நொதியங்கள் துண்டாக்கிய புரதத்தை, ஒரு நுனியிலிருந்து மும்மூன்று அமினோ அமிலங்களாக நறுக்குவது இதன் வேலை.

போகிற வழியிலேயே கத்திரி வெட்டத் தொடங்கினால் கலத்துக்கே சேதம். அதனால் இது உறையோடுதான் உருவாகிறது. மனோஸ்-6-பொஸ்பேற்று என்ற சீனி முத்திரை இதன்மேல் விலாசம்போல் ஒட்டப்படுகிறது. அந்த விலாசத்தைக் கொண்டு லைசோசோமைச் சேர்ந்ததும், அங்குள்ள அமிலத்தன்மையில் தன் உறையைத் தானே வெட்டிக் கழற்றிவிடுகிறது.

இந்த நொதியம் இல்லாவிட்டால் கழிவு தேங்கும். மூளையின் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழியும். பிள்ளை நடையையும் பேச்சையும் பார்வையையும் இழக்கும். இதுவே சிஎல்என்2 நோய்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பரம்பரையலகுகள் சேர்ந்தால்தான் இந்நோய் வரும். ஒன்று மட்டும் உள்ள உம்மாவும் வாப்பாவும் சுகமாகவே இருப்பார்கள். அவர்களுக்குத் தரிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சி முறையில் கலியாணம் முடிக்கும்போது, ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. ஆகவே பழியை உம்மாவின் தலையில் மட்டும் போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

2017இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு மருந்து அங்கீகரிக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் தயாரித்த அதே நொதியத்தை, உறையோடும் விலாசத்தோடும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூளையின் திரவத்தில் செலுத்துகிறார்கள். கலங்கள் விலாசத்தைக் கொண்டு அதை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. நோயின் வேகம் குறைகிறது. ஆனால் இழந்தது திரும்புவதில்லை.

அதனால்தான் நேரம் முக்கியம் என்கிறேன். நொதியம் வேலை செய்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். பேச்சு பிந்திய பிள்ளைக்கு வலிப்பும் வந்தால், "வளர வளரச் சரியாகும்" என்று இருந்துவிடாமல் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.